சர்போமா தாரைவார்த்த வீடு

அட்வோவா சர்போமா 1957ஆம் ஆண்டு, ஒரு திங்கட்கிழமை, அசாந்தி எனும் ஆப்பிரிக்க இனத்தவரின் ஊரான மம்போங்கில் பிறந்தார். 1986 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாம் வந்து சேர்ந்தார். விடுதி அறைகளைப் பதினான்கு ஆண்டுகள் சுத்தம் செய்தார். அதன்பின் ஒரு மருத்துவமனையில் துப்புரவு மேற்பார்வையாளர் ஆனார். ஒரே மகன் அசாரே 1979இல் பிறந்தவன். தாயிடம் வந்து சேர்ந்தபோது அவனுக்கு வயது பத்து. மருந்தாளுநராகி, இருபத்தெட்டாம் வயதில், தென்கிழக்கு ஆம்ஸ்டர்டாமில் நான்காம் மாடியில் சொந்தமாக ஒரு வீடு வாங்கினான். இவையெல்லாம் ஏறிய குடும்பக் குறிப்பேடு சர்போமாவின் கையெழுத்தில் உள்ளது. அதில் ஓர் அடித்தல் திருத்தலைக்கூடக் காண முடியாது.

இதுவரை சொன்னதில் பொய் ஏதுமில்லை. பொய் 2007 நவம்பரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலய ஆராதனை முடிந்த பிறகு பிறந்தது.

அதற்கு இரண்டு வாரம் முன்பு அசாரே தொலைபேசியில் அழைத்து, தான் மார்னிக்ஸ் என்பவரை நேசிப்பதாகவும், இருவரும் ஒன்றாக வாழப்போவதாகவும் சொல்லியிருந்தான். அதற்குச் சர்போமா, "அடுப்புல சூப்பு பொங்குது" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தார். அடுப்பில் அன்று எதுவுமே இருக்கவில்லை என்பதைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து உண்மையாகவே வேர்க்கடலை சூப்பு வைத்துக்கொண்டு மகனைப் பார்க்கக் கிளம்பினார். தனியாகப் போக நெஞ்சு துணியாமல், தோழி ஆன்ட்டி டாரிஸையும் கூட அழைத்துப்போனார். தனியாகப் போக அஞ்சுகிறவர், அந்த ஊரிலேயே அதிகம் பேசுகிற வாயைத் துணைக்குக் கூப்பிட்டார்.

கதவைத் திறந்தவர் நெட்டையான ஒரு வெள்ளைக்காரர். மார்பில் சமையல் மேலங்கி, கையில் கரண்டி.

"யாருடி இது?" என்றார் டாரிஸ்.

"ஹவுஸ் ஓனர்" என்றார் சர்போமா.

அந்த ஒரு சொல்லில், மகன் முப்பதாண்டுக் கடனில் வாங்கிய வீட்டை, பத்திரமும் சாட்சியும் இல்லாமல் டிராம் ஓட்டுநரான மார்னிக்ஸுக்குத் தாரைவார்த்துவிட்டார்.

"ஹவுஸ் ஓனர் கையில கரண்டி எதுக்கு?"

"இந்த ஊர்ல அப்படித்தான். சமையலறைய ஒழுங்கா வச்சிருக்காங்களான்னு அப்பப்ப வந்து பாப்பாங்க."

"பாத்துட்டு சமைச்சும் குடுப்பாங்களோ?"

"உனக்கு சூப்பு வேணுமா, வேணாமா?"

பொய் சொல்வதில்கூட ஒழுங்கு வேண்டும் என்பது சர்போமாவின் கொள்கை. முன்னுக்குப்பின் முரண்படாமல் இருக்கக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் விவரங்களைப் பதிந்துவைத்தார். ஹவுஸ் ஓனருக்கு குரோனிங்கன் நகரில் ஒரு மனைவி. இரண்டு பெண் குழந்தைகள். வேலை இங்கே இருப்பதால் வாரநாட்களில் அசாரேயின் வீட்டிலேயே ஓர் அறையில் தங்குகிறார். அசாரே காய்ச்சலில் கிடந்தபோது மருத்துவமனைக்குக் கஞ்சி கொண்டுவந்தவர் ஹவுஸ் ஓனர். கோடை விடுமுறைக்கு அசாரேயுடன் போர்ச்சுகல் போனவரும் ஹவுஸ் ஓனர்தான்.

"வாடகை வாங்குறவன் கஞ்சி கொண்டுவர்றது நான் பாத்ததே இல்லடி. என் ஹவுஸ் ஓனர் குழாய் ஒழுகுதுன்னு கூப்பிட்டாலே வரமாட்டான்" என்றார் டாரிஸ்.

"நல்ல மனுஷன்."

"மனுஷன் நல்லவன்தான். உன் மகனத்தான் நெனச்சா பாவமா இருக்கு. மருந்துக்கடையில அவ்வளவு சம்பளம் வாங்கி என்ன, தலைக்கு மேல சொந்தக் கூரை இல்லையே."

இரக்கம் அத்தோடு நிற்கவில்லை. அசாரேக்குச் சொந்த வீடு அமைய வேண்டுமென்று பெண்கள் ஜெபக் குழுவில் மூன்று நாள் உபவாசம் அறிவித்தார்கள். குழுவின் செயலாளர் சர்போமா. யார் எத்தனை நாள் பட்டினி இருந்தார்கள் என்று பெயர்ப்பட்டியல் எழுதும் பொறுப்பு அவருடையது. ஆகவே ஏமாற்றவும் வழியில்லை. மகனுக்கு இருந்த வீட்டை வாயால் பறித்துவிட்டு, அதை மீட்டுத்தரும்படி ஆண்டவரிடம் மூன்று நாள் தண்ணீர் மட்டும் குடித்து மன்றாடினார். மூன்றாம் நாள் தலைசுற்றி விழுந்தவரைத் தாங்கிப் பிடித்தவர்கள், "தாய்ப்பாசம்னா இதுதான்" என்று கண்கலங்கினார்கள்.

2012 ஜூனில் மகனும் மார்னிக்ஸும் நகராட்சி அலுவலகத்தில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். சர்போமா போனார். மருத்துவமனைச் சீருடையில் போனார். யாராவது பார்த்துவிட்டால் வேலைக்குப் போகிற வழி என்று சொல்லலாம் அல்லவா? அன்று எடுத்த ஒரே படத்தில், இரண்டு மாப்பிள்ளைகளுக்கு நடுவே, தரை துடைக்க வந்தவர் தவறி நுழைந்துவிட்டதுபோல் நிற்கிறார். அசாரே படத்தின் ஒரு பிரதியை மட்டும் தபாலில் அனுப்பினான். குறிப்பேட்டில் அந்தத் திருமணம் ஏறவில்லை.

2019 ஜனவரியில் சர்போமாவின் அண்ணன் டுமாசி மம்போங்கில் காலமானார். அடக்கம் அங்கே நடந்தது; துக்கச் சடங்கை இங்கே ஆம்ஸ்டர்டாமில் உள்ள உறவினர்களுக்காக மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகலில் வைத்தார்கள். அசாந்திகளின் முறைப்படி தாய்மாமனின் இடத்துக்கு வருகிறவன் சகோதரியின் மகன். டுமாசியின் படத்துக்குப் பக்கத்து நாற்காலியில் அசாரே உட்கார்ந்தாக வேண்டும். செய்தி சொல்லச் சர்போமா மகனை அழைத்தார்.

"வர்றேம்மா. ஆனா மார்னிக்ஸும் வருவான்."

"வரட்டுமே. யாரு வேண்டாம்னா?"

"யாருன்னு சொல்லுவே?"

சர்போமா அடுப்பைத் திரும்பிப் பார்த்தார்.

"அம்மா, சூப்பு பொங்குதுன்னு வச்சிடாத. இந்தத் தடவையும் ஹவுஸ் ஓனர்னு சொன்னே, நான் எழுந்து போயிடுவேன். மாமா நாற்காலி காலியாவே கெடக்கட்டும். இதுக்கு மட்டுமில்ல, இதுக்கப்புறம் எதுக்கும் வரமாட்டேன். உனக்கே ஏதாவது ஆனாலும்."

அவன் குரல் உயரவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. கத்துகிற பிள்ளை திரும்பி வருவான். கணக்காகப் பேசுகிற பிள்ளை வரமாட்டான். அந்தக் கணக்கு அவன் தாயிடம் கற்றதுதானே?

அந்த வாரம் முழுவதும் சர்போமா ஒரு நடுவழி தேடினார். தேடிக் கண்டது, 'குடும்ப நண்பர்'. ஹவுஸ் ஓனரும் இல்லை, மற்றதும் இல்லை. இரண்டு பக்கமும் சமாளிக்கலாம். தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு, கறுப்பும் சிவப்புமான துணியுடுத்தி மண்டபத்துக்குப் போனார்.

துக்க மண்டபத்தில் வாசலருகே ஒரு மேசை இருக்கும். வருகிறவர்கள் உறையைத் தந்து பெயரைச் சொல்ல வேண்டும். பெயர், ஊர், இறந்தவருக்கு என்ன உறவு என்று மூன்று கட்டங்களில் எழுதிச் சீட்டு மேடைக்குப் போகும். ஒலிவாங்கிக்காரர் அதை உரக்கப் படிப்பார். அந்த மேசையில் முப்பது ஆண்டுகளாக உட்கார்ந்து எழுதுகிறவர் சர்போமா. உறவைத் தெளிவாகச் சொல்லாதவர்களை, "உறவு தெரியாம எதுக்குய்யா அழ வந்தே?" என்று திருப்பியனுப்பிய பெருமை அவருக்கு உண்டு.

மார்னிக்ஸ் வரிசையில் நின்று வந்தார். கறுப்புத் துணியை ஒற்றைத் தோளில் போட்டு, அது நழுவிவிடாமல் முழங்கையால் இடுக்கிக்கொண்டிருந்தார். உறையை வைத்தார். சர்போமா பெயரை எழுதினார். ஊரை எழுதினார். மூன்றாம் கட்டத்தில் 'குடும்ப' என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. தலையை நிமிர்த்தினார். மண்டபத்தின் அந்தக் கோடியில், மாமனின் நாற்காலியில், அசாரே நிமிர்ந்து உட்கார்ந்து மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மார்னிக்ஸ் குனிந்தார். பதினோரு ஆண்டுகளில் தட்டுத்தடுமாறிக் கற்ற அசாந்திகளின் மொழியில், தணிந்த குரலில் சொன்னார்:

"மா, கஷ்டமா இருந்தா ஹவுஸ் ஓனர்னே எழுதிடுங்க. அசாரேகிட்ட நான் பேசிக்கிறேன். இந்த வருஷமும் வாடகை ஏத்தப்போறதில்ல."

சர்போமாவுக்குச் சிரிப்பு வந்தது. தன்னைவிட அந்தப் பொய்யைப் பொறுமையாகச் சுமந்தவர் இவர்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. குரோனிங்கன் மனைவியைப் பற்றி டாரிஸ் குசலம் விசாரித்தபோதெல்லாம், "நல்லா இருக்கா" என்று சொல்லிவந்தவர் அவர்.

வரிசையில் பின்னால் நின்றவர்கள் முனகத் தொடங்கினார்கள். சர்போமா 'குடும்ப' என்பதை அடித்தார். அவர் வாழ்நாளின் முதல் அடித்தல் அது. அதன்கீழ், 'மருமகன். அசாரேயின் கணவர்' என்று எழுதிச் சீட்டை மேடைக்கு அனுப்பினார். அனுப்பியபின், மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்ள இடம் போதுமா என்று உண்மையாகவே குனிந்து பார்த்தார். போதாது.

ஒலிவாங்கிக்காரர் போவாடி சீட்டை ஒருமுறை வாசித்தார். தவறாக வாசித்துவிட்டோமோ என்று கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் வாசித்தார். தேவாலய மூத்தவர் அன்டோ துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். அவர் பின்னால் பத்துப் பேர் போனார்கள்.

அப்போது ஆன்ட்டி டாரிஸ் எழுந்தார்.

"மருமகனா? போவாடி, அந்த மைக்க இங்க குடு. மருமகன்னு சொல்லிட்டு வெறும் உறையோட வந்திருக்கான், பாத்தீங்களா? ஹவுஸ் ஓனர் உறையோட வரலாம். மருமகன் வரலாமா? தாம்பாளம் எங்க? ஜின் எங்க? துணி எங்க? மாமன் செத்ததுக்கு ஆடாம உட்கார்ந்திருக்கிற மருமகன எங்கயாவது கண்டதுண்டா?"

"அவருக்குத் தெரியாது!" என்றார் சர்போமா.

"அவனுக்கு எப்படிடி தெரியும்? சொல்ல வேண்டியது மாமியா. ஊரான் வீட்டு மருமகனுக்கெல்லாம் பாட்டில் கொறஞ்சா அபராதம் போட்டவ நீ. இப்ப நீ கட்டு. நாலு பாட்டில்!"

"ரெண்டுதானே முறை?"

"ரெண்டு முறைக்கு. ரெண்டு பொய்க்கு."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பின்வரிசை வரை போனது. கடையிலிருந்து ஜின் வந்தது. யாருடைய தாம்பாளமோ வந்தது. டாரிஸ் தன் இடுப்புத் துணியையே மடித்து அதில் வைத்தார். மார்னிக்ஸ் அதைத் தலையில் ஏற்றி, முறைப்படி ஆடிக்கொண்டு மண்டபத்தைச் சுற்றினார். ஒவ்வொரு தூணருகிலும் நின்று நின்று போனார். டிராம் பழக்கம் உடம்பில் ஊறிவிட்டது. அசாரே நாற்காலியை விட்டு எழவில்லை, எழக்கூடாது. ஆனால் அவன் தோள்கள் குலுங்கின. அழுகிறானா, சிரிக்கிறானா என்று தாய்க்கே தெரியவில்லை.

டாரிஸ் மூச்சிரைக்க வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கரண்டியப் பாத்தன்னைக்கே எனக்குத் தெரியும்டி."

"தெரிஞ்சுமா குரோனிங்கன் பொண்டாட்டிய விசாரிச்சே?"

"நீ எவ்வளவு தூரம் போவேன்னு பாத்தேன். அது சரி, வீடாவது அவனோடதுதானே?"

"என் மகனோடது. சொந்தமா வாங்கினது. மொதல்லேர்ந்தே."

டாரிஸ் விசிறியைக் கீழே போட்டார். "அடிப்பாவி! அத நான் நம்பிட்டேனே! மூணு நாள் பட்டினி கெடந்தேனேடி!"

இதை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று எழுத முடியாது. எழுந்து போன பதினொருவரில் திரும்பி வந்தவர்கள் நால்வர். மூத்தவர் அன்டோ சர்போமாவோடு இன்றும் பேசுவதில்லை. தேவாலயத்தில் செயலாளர் பொறுப்பு வேறொருவரிடம் போனது. புதியவரின் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருப்பதாகச் சர்போமா சொல்கிறார்.

துக்கச் சடங்குக்கு அடுத்த நாள் காலை அவர் குறிப்பேட்டைத் திறந்தார். திருமண நாளை, ஏழாண்டு தாமதம் என்ற குறிப்போடு உரிய பக்கத்தில் ஏற்றினார். கடைசிப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. பதிவேட்டில் தாள் கிழிப்பது தவறு. ஹவுஸ் ஓனரின் மனைவி, குழந்தைகள் எல்லோருக்கும் கீழே ஒரு கோடு போட்டு, ஒரே வரி எழுதினார்:

நவம்பர் 2007 முதல் மார்ச் 2019 வரை. பதினோரு ஆண்டுகள், நான்கு மாதங்கள்.