வால் விடுமுன் அறுக்க வேண்டிய புல்

2024 டிசம்பர் 9, திங்கட்கிழமை, காலை ஆறு மணி ஐம்பது நிமிடம். பனி இறங்கியிருந்தது. எதிர்வீட்டு மாடியின் தண்ணீர்த் தொட்டி பாதிதான் தெரிந்தது. அந்த நேரத்தில்தான் நான் மாட்டுக்கார அம்மாவிடம், "கிழக்கு மூலையை மட்டும் பத்து நாளைக்கு அறுக்காம விட்டுரும்மா" என்று சொன்னேன். சொன்ன கையோடு நோட்டில் நேரத்தைக் குறித்தும் வைத்தேன். முப்பத்தொரு வருடம் ஒரு மிஷன் பள்ளி ஆபீஸில் பதிவேடு எழுதியவனுக்கு அந்தப் பழக்கம் போவதில்லை.

பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டை ஒட்டி ஒரு காலி மனை இருக்கிறது. பதினோரு சென்ட். சுற்றுச்சுவர் உண்டு, இரும்புக் கேட் உண்டு. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார். சாவி ஆறு வருடமாக என்னிடம் இருக்கிறது. சர்க்கரைக்காகத் தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். எங்கள் தெருவில் நடப்பதென்றால் ஒரு நடைக்கு நான்கு முறையாவது பைக்குக்கு ஒதுங்க வேண்டும்; நாய்கள் ஏழு. ஆகவே கேட்டைத் திறந்து மனைக்குள்ளேயே நடப்பேன். ஒரு சுற்று தொண்ணூற்றாறு அடி வைப்பு. முப்பது சுற்று. சுவருக்கு மேலாக வந்து விழும் பிளாஸ்டிக் பைகளையும் எண்ணுவேன், அது வேறு எரிச்சல்.

மழைக்காலத்தில் அந்த மனையில் முழங்கால் உயரம் புல் வளரும். இரண்டு தெரு தள்ளியிருக்கும் மாட்டுக்கார அம்மா வந்து அறுத்துக்கொண்டு போவார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வீட்டில் இரண்டு மாடுகள், ஒன்று வற்றிவிட்டது. கறவையில் இருந்தது செவலை மட்டும். ஏழு லிட்டர், பதினான்கு வீடு. எங்கள் வீடு ஒன்பதாவது. அவருடைய கணவர் பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். அந்த வருமானம் நிலையில்லாதது. புல்லுக்கு நான் காசு வாங்குவதில்லை. அதை ஓர் உதவி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் அக்டோபரில், நடந்துகொண்டே, என் வேட்டியில் ஒட்டிய ஒரு கதிரைக் காட்டி இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன்.

"நரிவால் சார்" என்றார், நிமிராமல்.

"இது?"

"அது எலிவால்."

வீட்டுக்கு வந்து ஒரு பழைய பதிவேட்டில் இரண்டையும் எழுதினேன். பிறகு அதுவே வேலையாகிவிட்டது. பள்ளமான இடத்தில் நீர் நின்ற பக்கம் காட்டுக் குதிரைவாலி. சுவரோரம் வெள்ளை மயிரோடு அணில்வால். சாக்கடைக் குழாய்க்குப் பக்கத்தில் தேள்கொடுக்கு. அதன் பூங்கொத்து நுனியில் சுருண்டு தேளின் வால் மாதிரியே நிற்கும். தேளுக்குக் கொடுக்கு இருப்பது வாலில்தான் என்பதால் அதையும் சேர்த்தேன். பக்கத்து வீட்டிலிருந்து சுவர் தாண்டித் தொங்கிய சிவப்புப் பூனைவாலையும் சேர்த்தேன். அந்த அம்மா சொல்லச் சொல்லக் கெடாவால், கீரிவால், கன்னுக்குட்டிவால் என்று நீண்டு, டிசம்பர் முதல் வாரத்தில் பதினொன்று ஆனது.

என் மனைவிக்கு இதில் மரியாதை இல்லை.

"பூனைவால் அடுத்த வீட்டுத் தொட்டிச் செடிங்க. அதையும் சேத்தா கள்ளக் கணக்கு."

"கிளை நம்ம பக்கம் இருக்கு."

"அப்ப அவங்க வீட்டுப் பூனையும் சுவர்மேலதான் உக்காருது. அதையும் எழுதிக்கங்க. எல்லாம் வாலாவே இருக்கே, தலைக்கு ஒரு புல்லும் இல்லையா?"

அதை நான் யோசித்தேன். புல்லுக்குப் பெயர் வைத்தவர்கள் மிருகங்களைப் பின்னாலிருந்து பார்த்தவர்களாக இருக்க வேண்டும். மேய்க்கிறவன் மந்தைக்குப் பின்னால்தான் நடக்கிறான். நரியைப் பார்க்கிறவனுக்கும் அது ஓடும்போதுதான் தெரிகிறது. நாள் முழுவதும் கண்ணுக்கு முன்னால் ஆடுவது வால்தான். இதைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தபோது எனக்குத் திருப்தியாக இருந்தது. எழுபத்து நான்கு வயதில் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவன் போல நடந்தேன்.

கிழக்கு மூலையில் ஒரு புல் இருந்தது. இலை சற்று அகலம், அடியில் ஊதா நிறம். கதிர் இன்னும் வரவில்லை. கதிர் வந்தால்தானே என்ன வால் என்று தெரியும்? பன்னிரண்டாவது அதுதான் என்று நான் முடிவு செய்துவிட்டேன். அதனால்தான் அந்தத் திங்கட்கிழமை பத்து நாள் கேட்டேன்.

அவர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "வால் விட்டுருச்சுன்னா மாட்டுக்கு ஆகாது சார். அதுக்கு முந்தி அறுத்துறணும்."

"பத்து நாள்தானம்மா. மத்த இடம் இருக்குல்ல?"

"மத்த இடத்துல அறுத்தாச்சு சார். இந்த மூலைதான் பாக்கி."

நான் கையில் சாவிக்கொத்தோடு நின்றிருந்தேன். அவர் அதைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. "சரி சார், வாரேன்" என்று வெறும் சாக்கை மடித்துக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் மழை பிடித்து இரண்டு நாள் பெய்தது. அதற்குப் பிறகு புல் ஒரு சாண் ஏறியது. பதினெட்டாம் தேதி கதிர் முழுதாக வெளியே வந்தது. ஒன்றைப் பறித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். காபி குடிக்கும் நேரத்துக்குள் அது பையில் இல்லை. பனியனுக்குள் அக்குள் பக்கம் குத்தியது. எடுத்துப் பார்த்தால் நரிவால். முதல் நாளே எழுதிய அதே நரிவால். நிழலில் வளர்ந்ததால் இலை அகலமாக இருந்திருக்கிறது.

பள்ளிக்கூட நாட்களில் இந்தக் கதிரை ஒருவன் சட்டைக் கைக்குள் போட்டுவிடுவோம். அசைய அசைய அது மேலே ஏறும், இறங்காது. அதன் முள்மயிர் ஒரு பக்கமாகவே சாய்ந்திருக்கிறது. இது எனக்கு அறுபது வருடமாகத் தெரியும். அன்றைக்கும் என் தோலிலேயே தெரிந்தது. அதை ஒரு மாட்டின் வாயோடு சேர்த்து நினைக்க எனக்குத் தோன்றவில்லை. பன்னிரண்டாவது இல்லாமல் போன வருத்தத்தில் இருந்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை காலையில் நானே அந்த அம்மாவுக்கு ஆள் அனுப்பினேன். கேட்டை அகலத் திறந்துவிட்டு, "இனி தாராளமா அறுத்துக்கம்மா, அம்புட்டும் உனக்குத்தான்" என்றேன். அவர் ஒரு கதிரை விரலால் உருவிப் பார்த்தார். அறுத்தார். நான்கு கட்டு.

ஞாயிறு ஆராதனை முடிந்து கோவிலிலிருந்து வந்தபோது பால் வந்திருக்கவில்லை. அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். செவலை தலையைத் தொங்கப் போட்டு நின்றது. வாயிலிருந்து நூல் நூலாக எச்சில். தொட்டியில் தண்ணீர் அப்படியே இருந்தது. சனி மாலையிலிருந்து ஒரு வாய்கூடத் தின்னவில்லை என்றார். இரண்டு மாதக் கன்று முட்டி முட்டிப் பார்த்து விலகிப் படுத்துவிட்டது.

"கோமாரியா இருக்குமோன்னு பயமா இருக்கு சார். அப்படின்னா வத்தின மாட்டுக்கும் ஒட்டிக்கிரும். கன்னுக்குட்டி தாங்காது."

அந்த மாடு தின்று கறந்தால்தான் அந்த வீடு ஓடும். இது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. மாதா மாதம் பால் அட்டையில் கையெழுத்துப் போட்டவன் நான்.

திங்கட்கிழமை காலை பத்தரைக்கு மாட்டு டாக்டர் பைக்கில் வந்தார். வயது முப்பதுக்குள். கணவர் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து மாட்டின் தலையைத் தூக்கினார்.

"நல்லாப் பிடிங்கண்ணே. கை போச்சுன்னா மூட்டை தூக்கக்கூட என்னால வர முடியாது."

"வந்தாலும் உங்கள யாரு சேத்துக்குவாங்க டாக்டரே? இம்புட்டு மெல்லிசா இருக்கீங்க" என்றார் கணவர். யாரும் சிரிக்கவில்லை, அவரும் சிரிக்கவில்லை.

டாக்டர் நாக்கை இழுத்துப் பக்கவாட்டில் திருப்பினார். நாக்கின் அடியிலும் ஈறு ஓரத்திலும் வரிவரியாகப் புண். புண்ணுக்குள் பழுப்பு மயிர்கள் தைத்திருந்தன. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து ஒரு டிபன் பாக்ஸ் மூடியில் வைத்தார். எண்ணாமல் இருக்க முயன்றேன். நாற்பத்து மூன்று.

"கோமாரி இல்லம்மா. நரிவால் முள்ளு. உள்ள போற பக்கம் போயிக்கிட்டே இருக்கும், வெளிய வராது. வால் விட்ட புல்லப் போட்டீங்களா?"

அந்த அம்மா என் பக்கம் பார்க்கவில்லை. "நாந்தான் சார் கவனிக்காமப் போட்டுட்டேன்" என்றார்.

அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. "மாடு வச்சிருக்கிறவங்களுக்குத் தெரிய வேணாமா?" என்று டாக்டர் அவரைக் கடிந்துகொண்டு ஊசி போட்டார். நான் டிபன் பாக்ஸ் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் கிறிஸ்துமஸுக்கு அதிரச மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்காமலே, "அப்ப நீங்க போயிச் சொல்லிட்டு வாங்க. அதுவரைக்கும் அந்த வீட்டுப் பால் இந்த வீட்டுக்கு வேணாம்" என்றாள்.

மறுநாள் காலை போனேன். டாக்டர் இரண்டாவது ஊசிக்கு வந்திருந்தார், கணவரும் இருந்தார். மூவருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "அந்தப் புல்ல வால் விடுற வரைக்கும் நிறுத்தி வச்சது நான்தான். இந்தம்மா வேண்டாம்னு சொன்னாங்க." டாக்டர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டுப் பையை மூடினார். அவர் போன பிறகு அந்த அம்மாதான் பேசினார்.

"தெரிஞ்சுதான் சார் அறுத்தேன். நுனியெல்லாம் கிள்ளித்தான் போட்டேன். ராத்திரி மாடு கிள்ளாத கட்டுல இருந்தே இழுத்துத் தின்னுருக்கு."

"தெரிஞ்சு ஏம்மா அறுத்தே?"

"தொறந்து விட்டுட்டு நின்னீங்க. வேணாம்னு எப்படிச் சொல்றது? அடுத்த தடவ தொறக்கணும்ல."

அந்தப் பத்து நாளும் அவர் விடிவதற்கு முன் டவுன் பஸ்ஸில் மாட்டுத்தாவணிக்குப் போய், காய்கறி மார்க்கெட்டில் கழித்துப் போட்ட காலிஃபிளவர் இலையைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். பெண்களுக்குப் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, சாக்குக்கு உண்டு. பொழுதுக்கும் இலையைத் தின்று மாட்டுக்கு வயிறு உப்பிவிட்டது. பச்சைப் புல்லுக்கு அது ஏங்கிப் போயிருந்தது.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்.

"சார், அந்த நோட்டு. அதுல ஒரு நாலு பேரு நானா வச்சது. நீங்க விடாமக் கேட்டீங்க. தெரியலன்னா கோவிச்சுக்குவீங்களோன்னு வாய்க்கு வந்ததச் சொன்னேன்."

"எந்த நாலு" என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று மாலை, செவலை கஞ்சித் தண்ணீர் குடித்தது. இருபத்தேழாம் தேதி தவிடு தின்றது. புண் ஆற மூன்று வாரம் ஆனது. ஆனால் இறங்கின பால் ஏறவில்லை. நான்கு லிட்டரில் நின்றுவிட்டது. ஆறு வீடுகளை நிறுத்த வேண்டியிருந்தது. எங்கள் வீட்டை அவர் நிறுத்தவில்லை. கைக்குழந்தை இருந்த ஒரு வீட்டை நிறுத்தியிருந்தார். எங்கள் அரை லிட்டரை அங்கே கொடுக்கச் சொல்லிவிட்டு நாங்கள் பாக்கெட் பாலுக்கு மாறிக்கொண்டோம்.

ஜனவரியில் இரண்டு ஆள் வைத்து மனையில் நின்ற கதிரெல்லாம் விதை உதிருமுன் வெட்டி அப்புறப்படுத்தினேன். நரியும் எலியும் அணிலும் ஒரே குப்பை வண்டியில் போயின. உரிமையாளருக்குப் போன் செய்து கேட்டுவிட்டு, கேட்டுக்கு இன்னொரு சாவி செய்து அந்த அம்மாவிடம் கொடுத்தேன். எப்போது அறுப்பது என்பது இப்போது அவர் பாடு. சென்ற மழைக்காலத்திலிருந்து அவர் நான் எழுவதற்கு முன்பே வந்து அறுத்துவிட்டுப் போய்விடுகிறார். ஒரு கதிரும் என் கண்ணில் படவில்லை. முப்பது சுற்று நடக்கிறேன். காலில் எதுவும் ஒட்டுவதில்லை. வழியில் பார்த்தால் "நல்லா இருக்கீங்களா சார்" என்கிறார். நின்று பேசுவதில்லை.

பதிவேட்டில் பதினோரு பெயர்களும் அப்படியே இருக்கின்றன. அடுத்த பக்கத்தில் எழுதியது இது. டாக்டருக்கு மூன்று தடவைக்கு 1,500. மருந்து 1,180. தவிடு, வைக்கோல் 2,600. வெட்டுக்கூலி 1,600. சாவி 60. இந்தப் பணம் எதையும் அந்த அம்மா கேட்கவில்லை. இழந்த பாலுக்கு நான் நீட்டியதை வாங்கவும் இல்லை. மாட்டுத்தாவணி பஸ்ஸில் சாக்குக்குப் பத்து நாள் கொடுத்த லக்கேஜ், நாளைக்கு இருபது வீதம் 200: இதை மட்டும் அவரே வாசலுக்கு வந்து கேட்டு, எண்ணி வாங்கிக்கொண்டு போனார்.

மொத்தம் ரூபாய் 7,140.