அண்ணனிடம் அவள் கேட்ட கேள்வி

பிள்ளைகளா, 'இன்சைசிவ்' என்றால் என்னவென்று போன வாரம் கேட்டீர்கள். எட்டாவதோடு நின்றவன் நான். அருப்புக்கோட்டை நூலகத்தில் அகராதியைப் பார்த்துத்தான் சொல்கிறேன். லத்தீனில் 'உள்ளே வெட்டுவது' என்ற சொல்லிலிருந்து வந்ததாம். நம் முன்பற்களுக்கு இங்கிலீஷில் உள்ள பெயருக்கும் அதுவே வேராம். சுற்றி வளைக்காமல் விஷயத்தின் நடுவுக்கே போகிற புத்தியை அப்படிச் சொல்வார்களாம். படித்ததும் உங்கள் அம்மா ஞாபகம்தான் வந்தது.

பரளச்சியில் மழை பொய்த்த வருஷம் அது. உங்கள் அம்மாவுக்கு நெஞ்சு நோவு. மதுரைக்குக் கொண்டுபோனால் பிழைக்கலாம் என்றார் டாக்டர். சாமியிடம் பூக்கட்டிக் கேட்காமல் வரமாட்டேன் என்று அவள் பிடிவாதம். ஒரு பொட்டணத்தில் வெள்ளை அரளி, ஒன்றில் சிவப்பு; கண்ணை மூடி எடுத்ததில் வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். உங்கள் மாமாதான் பூப்பறித்து, இலையில் மடித்து, இரண்டு பொட்டணமாகக் கட்டிவந்து சாமி முன் வைத்தார். மூத்தவளே, எடுத்தது நீ. சின்னப்பிள்ளை, ஞாபகமிருக்காது. பிரித்தால் வெள்ளை.

"பெறகென்ன மாப்ளே, வண்டியப் பூட்டுங்க" என்றார் மாமா.

சுவரில் சாய்ந்திருந்த அம்மா கேட்டாள்: "வெள்ளை கோயில் வாசல்ல இருக்கு. செவப்புக்குக் கம்மாக்கரை போகணும். போன சுருக்குல வந்துட்டியே, செவப்ப எங்கண்ணே பறிச்ச?"

"ஏத்தா, நெஞ்சுலதான் நோவு, வாயி நல்லாத்தான் இருக்கு ஒனக்கு!" மாமா சிரிக்கப் பார்த்தார்.

"அந்தப் பொட்டணத்தையும் பிரிண்ணே."

அவர் கை எழவில்லை. நான் பிரித்தேன். அதிலும் வெள்ளை.

"ஒனக்காகத்தாம்மா..." என்று அழுதார்.

"தெரியும்ணே. அதுக்காகச் சாமிய ஏமாத்துவியா? அப்பிடி ஒண்ணும் நான் பஸ்ஸு ஏற மாட்டேன்."

ஒரே காரியத்துக்கு மறுபடி பூக்கட்டிக் கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. நான் கெஞ்சினேன். அண்ணன் தங்கச்சி காலில் விழுந்தார். அவள் அசையவில்லை. பருத்தி வெடிக்கும் முன்னே போய்விட்டாள். மாமா ஏன் நம் வீட்டில் கை நனைப்பதில்லை என்று கேட்பீர்களே, இதுதான்.

அவள் கேட்டதில் பிழையில்லை. ஆனாலும் அந்த ஒருநாள் மட்டும் அந்தப் புத்தி கொஞ்சம் மழுங்கியிருக்கக் கூடாதா என்று இன்னும் நினைக்கிறேன்.

அவள் காரியம் முடிந்த மறுநாள் நான் மட்டும் மதுரை பஸ் ஏறினேன். டாக்டர் சொன்ன ஆஸ்பத்திரியில், சீட்டு வாங்கும் வரிசையில் நின்றேன். ஜன்னலுக்குள்ளிருந்து "நோயாளி பேரு?" என்றார்கள். அவள் பேரைச் சொன்னேன். பிறகு விலகி, பின்னால் நின்றவருக்கு வழிவிட்டேன்.