காலி வீதியில் ஒரு கிடைக்கோடு

ஒன்பதாம் வகுப்பில் விஞ்ஞான மிஸ் தூர-நேர வரைபு படிப்பித்த நாளில்தான் எனக்கும் எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் நேரடிச் சண்டை தொடங்கியது. அதற்கு முன்பும் சண்டை இருந்தது. ஆனால் என் கையில் ஆதாரம் இருக்கவில்லை.

பாடம் லேசானது. கீழே நேரம், பக்கத்தில் தூரம். கோடு நிமிர்ந்து ஏறினால் கதி கூட, சரிந்து ஏறினால் கதி குறைவு. கோடு கிடையாகப் போனால் என்ன கருத்து என்று மிஸ் கேட்டார். "ஓய்வு, மிஸ்" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் பாடியது. புத்தகத்தில் ஒருவன் சைக்கிளில் சந்தைக்குப் போகிறான், நடுவழியில் மரநிழலில் இளைப்பாறுகிறான், அவனுடைய கோடு கிடையாகப் படுத்துவிடுகிறது. எனக்கு வாய் சும்மா இருக்காது.

"மிஸ், ஆரும் அவனை மறிச்சு வச்சிருந்தாலும் கோடு இப்பிடித்தானே போகும்?"

வகுப்பு சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. "கேள்வியில இருக்கிறதை மட்டும் பாருங்கோ" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரவர் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரும் பயணத்தை வரைந்து, சராசரிக் கதியைக் கணித்து வரவேண்டும் என்பது அன்றைய வீட்டுவேலை. பாவம், அதை ஏன் கொடுத்தோம் என்று பிறகு பல நாள் யோசித்திருப்பார்.

எங்கள் வீடு வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில் மேல்மாடி. பள்ளிக்கூடமோ நகரத்தின் மறுமுனையில், கொட்டாஞ்சேனையில். வெள்ளவத்தையில் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தாலும் ஏதாவது ஒரு பள்ளிக்கூடக் கூரையில் விழும். அப்படியிருக்க என்னை ஏன் அவ்வளவு தூரம் அனுப்பினார்கள் என்று நான் கேட்டதில்லை. நல்ல பள்ளிக்கூடம் என்றாள் அம்மா. அப்பாவின் கந்தோரும் பள்ளிக்கூட வீதியிலேயே இருந்தது. காலையில் அவரோடு போவேன். பள்ளிக்கூடம் விட்டதும் அவர் மேசைக்குப் பக்கத்தில் இருந்து வீட்டுவேலை செய்வேன். வேலை முடிந்ததும் அவரோடு திரும்புவேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா தலைமயிர் வெட்டப் போனால்கூட "பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று படியில் நின்று சத்தம் வைப்பாள் அம்மா. ஆண்களுடைய சலூனில் கிடந்த சினிமாப் பத்திரிகைகளை ஒன்று விடாமல் வாசித்து முடித்த பெண்பிள்ளை வெள்ளவத்தையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அம்மாவுக்கு என்னை வீட்டில் வைத்து மேய்க்கப் பஞ்சி என்று நினைத்துக்கொள்வேன்.

அது சண்டைக் காலம். வடக்கில் நடந்த சண்டை கொழும்பில் எங்களுக்குக் காலி வீதியின் மணல் மூட்டைகளாக வந்து நின்றது. பம்பலப்பிட்டியைத் தாண்டுவதற்குள் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறிப்பார்கள். சிப்பாய் ஒருவன் ஏறி அடையாள அட்டைகளைப் பார்ப்பான். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தால் இறங்க வேண்டும். எங்கே இருக்கிறாய், எங்கே போகிறாய், பொலிஸில் பதிந்த துண்டு எங்கே என்று விசாரணை நடக்கும். கொண்டக்டர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு பஸ்ஸின் பக்கத்தில் தட்டுவான். இறங்கியவர்களை விட்டுவிட்டு பஸ் போய்விடும்.

அப்பா பிறந்த இடம் நாளுக்கு நாள் மாறவா போகிறது? அவர் பெரும்பாலும் இறங்குவார். என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். பதினாறு வயதுக்கு முன் அடையாள அட்டை கிடையாது, அதனால் என்னிடம் கேட்பதற்கு ஒன்றுமில்லை. அடுத்த ஒழுங்கையிலிருந்து அதே பஸ்ஸில் வரும் என் வகுப்புக்காரி நஸீமா, பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட மாளிகாவத்தையில் சித்தி, அவள் சொல்லில் சாச்சி, இருந்ததால் அங்கே சேர்ந்தவள், ஜன்னலோரத்தில் இருந்தபடியே எனக்குக் கை காட்டிக்கொண்டு போய்விடுவாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முந்திய வருஷம், எங்களோடு இருந்த மாமா, அம்மாவின் தம்பி, ஒழுங்கை முனைக் கடைக்குப் பாண் வாங்கத் தனியே போனவர், வழியில் பிடிபட்டு, நாலு மாதம் கழித்துத்தான் திரும்பி வந்தார். வந்தவர் ஒருவரோடும் கதைக்கவில்லை. பிறகு கனடாவுக்குப் போய்விட்டார். எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு எடுக்கக் கூடாது.

எங்கள் பள்ளிக்கூடத்தின் தலைமை மிஸ்ஸான அதிபருக்கு நேரம்தான் குலதெய்வம். மணி அடித்த பிறகு வருகிறவர்களுக்குக் கொடிக்கம்பத்தடியில் வெயில் காயும் தண்டனை. அவர் குடியிருந்தது பள்ளிக்கூட வளவுக்குள்ளேயே. அவருடைய வீட்டு வாசலுக்கும் கந்தோர் வாசலுக்கும் நடுவே ஒரு செம்பரத்தை மரம் மட்டும் நின்றது, அது யாரையும் மறிக்கவில்லை. அந்தத் தவணையில் கொடி பறந்த நேரத்தைவிட நான் அந்தக் கம்பத்தடியில் நின்ற நேரம் கூட. பிள்ளைகள் எனக்கு ஆமை என்று பெயர் வைத்தார்கள். வெயிலைப் பொறுத்துக்கொள்ளலாம், ஆமையை என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆகவே வரைபுத்தாள் கைக்கு வந்ததும் நான் ஒரு கோடு போடவில்லை, இரண்டு போட்டேன். நீலத்தில் நஸீமாவின் கோடு, சிவப்பில் என்னுடையது. வெள்ளவத்தையிலிருந்து இரண்டும் ஒன்றாக ஏறின. சாவடியில் நீலம் தன் பாட்டில் மேலே போக, சிவப்பு கிடையாகத் திரும்பியது. பிறகு நாங்கள் ஏறும் அடுத்த பஸ். முன்னால் போன பஸ்ஸை முந்தவேண்டும் என்று சாரதி பேய்க்கதியில் விடுவான், அதனால் சிவப்புக் கோடு நீலத்தைவிட நிமிர்ந்து ஏறியது. ஓடிய நேரத்தை மட்டும் எடுத்துக் கணித்தால் நஸீமாவைவிட என் கதிதான் கூட! மூன்று தரம் கணித்துப் பார்த்தேன். கிடையான துண்டுக்கு மேலே ஓய்வு என்று எழுதாமல், மறித்து வைத்திருந்தார்கள் என்று எழுதினேன். இன்றைக்கு அதே வீட்டுவேலையைத் தந்தாலும் அதைத்தான் எழுதுவேன்.

விஞ்ஞான மிஸ் தாளைப் பார்த்துவிட்டுத் தன் மேசையிலிருந்த அழிறப்பரை என் பக்கம் தள்ளினார். "இந்தத் துண்டை அழிச்சுப்போட்டு நேராக் கீறுங்கோ. முழுப் புள்ளி தாறன்."

"மாட்டன் மிஸ்."

"ஏன்?"

"அது நடந்தது, மிஸ்."

"உதுகளை எழுதி வைக்கக் கூடாது, பிள்ளை" என்றார், முன்வாங்கிலுக்குக்கூடக் கேட்காத குரலில். பயந்தாங்கொள்ளி என்று மனதுக்குள் தீர்ப்பு எழுதினேன். இடைவேளையில் அந்தத் தாளைக் கொண்டுபோய், அதிபரின் கந்தோருக்கு வெளியே இருந்த அறிவித்தல் பலகையில், ஆமை யார் என்று தலைப்பும் போட்டுக் குத்திவிட்டேன்.

அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். கந்தோரிலிருந்து வியர்வையோடு வந்தவர், கதிரை இருந்தும் இருக்காமல் நின்றார். அதிபர் தாளை மேசையில் விரித்து வைத்திருந்தார்.

"இந்த அடங்காத்தனத்தை நான் வச்சிருக்கேலாது. தூரம் பிரச்சினை எண்டா வெள்ளவத்தையிலேயே ஒரு பள்ளிக்கூடம் பாருங்கோ. விடுகைப் பத்திரம் இண்டைக்கே தரலாம்."

அப்பாவின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "எங்கட பிழைதான் மிஸ். இனி வெள்ளெனவா வெளிக்கிடுறம். பிள்ளை இங்கயே படிக்கட்டும்" என்று கெஞ்சினார். கெஞ்சினார் என்பதுதான் சரியான சொல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன பிழை? யார் பிழை? இப்படி ஒரு பள்ளிக்கூடத்துக்காக ஒரு மனுஷன் இவ்வளவு குனிய வேண்டுமா?

அதிபர் கணிதம் படித்தவர். கோபத்துக்கு நடுவிலும் அவருடைய விரல் சிவப்புக் கோட்டில் ஊர்ந்துகொண்டே வந்து, சாவடியில் நின்றது. "பிள்ளைக்கு அடையாள அட்டை இல்லைத்தானே. அவ ஏன் இறங்க வேணும்? மற்றப் பிள்ளையோட பஸ்ஸிலயே இருந்து வந்தா ரெண்டு கோடும் ஒண்டாப் போயிடும்."

இவ்வளவு லேசான விடையை நான் யோசித்ததே இல்லை. அப்பாவைப் பார்த்தேன். அவர் செம்பரத்தை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம் மிஸ்" என்றார் கடைசியில். "நாளையில இருந்து அப்பிடிச் செய்யிறம்."

அன்றிரவே அம்மாவுக்கு விஷயம் போனது. மறுநாள் காலையில் அவள் இரட்டைப் பின்னலை இழுத்த இழுவையில் என் கண் கலங்கியது. நிமிர்ந்து பார்த்தால் அவளுடைய கண்ணும் கலங்கியிருந்தது. பள்ளிக்கூடத்தில் நான் மானத்தை வாங்கிவிட்டேன் என்ற கவலையாக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

சாவடியில் பஸ் நின்றது. சிப்பாய் ஏறினான், அப்பாவின் அட்டையைப் பார்த்தான், தலையால் வாசலைக் காட்டினான். அப்பா என் கையை விட்டார். "நீ இரு, பிள்ளை."

நஸீமா பக்கத்து இருக்கையைத் தட்டினாள். "இரி, எறங்காத. இன்டைக்கி நேரத்துக்குப் போவோம்."

இருந்தேன். ஜன்னலால் பார்த்தேன். மணல் மூட்டையடியில் மூன்று பேர் நின்றார்கள். பொடியன்கள் இருவர், அப்பா. ஒரு கையில் சாப்பாட்டுப் பார்சலும் குடையும். வழக்கமாக என்னைப் பிடித்திருக்கும் மற்றக் கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. காற்சட்டைப் பைக்குள் விட்டார். சிப்பாய் உறுக்கினான். சட்டென்று வெளியே எடுத்து விரித்துக் காட்டினார்.

எனக்கு அப்போது வந்தது இரக்கம் என்று பொய் சொல்லமாட்டேன். கோபம்தான் வந்தது. அந்தச் சிப்பாயில், அதிபரில், ஓம் மிஸ் சொன்ன அப்பாவில், எல்லாரிலும். நான் ஆமை இல்லை என்று காட்டுவதற்கு என்னுடைய கோடு எனக்கு வேண்டும். நஸீமாவின் கோட்டைக் கடன் வாங்கிக்கொண்டு போய் நல்ல பெயர் எடுக்க நான் என்ன வக்கற்றவளா? கொண்டக்டர் பஸ்ஸைத் தட்டிவிட்டான். "பஹினவா! பஹினவா!" என்று கத்தினேன், இறங்கவேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவும் அதுதான். அவன் ஏசினான். நான் ஓட்டத்திலேயே குதித்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, நேரே போய் அப்பாவின் கையைப் பிடித்தேன்.

சிப்பாய் என்னைப் பார்த்தான். என் வெள்ளைச் சட்டையை, கழுத்துப்பட்டியை, தோளில் தொங்கிய தண்ணீர்ப் போத்தலைப் பார்த்தான்.

"துவத?" என்று அப்பாவைக் கேட்டான். மகளா என்று.

அப்பா தலையாட்டினார். சிப்பாய் அட்டையை நீட்டி, போ என்று கையைக் காட்டினான். அடுத்த பஸ்ஸில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது மற்ற இருவரையும் கைகளைத் தலையில் வைத்துக் குந்த வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு ட்ரக் வந்து நின்றது.

அப்பாவின் கை தண்ணீரில் தோய்த்தது போல இருந்தது. "விடுங்கோ அப்பா, நோகுது" என்றேன். கொட்டாஞ்சேனை வரைக்கும் அவர் விடவில்லை.

பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்வதற்கு முன் நானே போய்க் கொடிக்கம்பத்தடியில் நின்றேன். தலையைக் குனியவில்லை. விடுகைப் பத்திரத்தைத் தந்தாலும் தரட்டும். சராசரிக் கதிக்கும் உண்மைக் கதிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் தயாராக வைத்திருந்தேன். அதிபர் வந்தார்.

"நேற்று என்ன சொன்னனான்?"

"பஸ்ஸில இருந்தனான் மிஸ். பிறகு இறங்கிட்டன்."

"ஏன்?"

"அப்பா தனிய நிண்டவர். எங்களை விட்டுட்டாங்கள். மற்ற ரெண்டு பேரையும் விடேல்லை."

பிரசங்கத்தைத் தொடங்க வாயெடுத்தேன். அதிபர் என்னைப் பார்க்கவில்லை, வெளிவாசலைப் பார்த்தார். அப்பா அப்போதுதான் கேற்றைக் கடந்து தன் கந்தோர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். "முழங்காலில இரத்தம். கழுவிப்போட்டு வகுப்புக்குப் போங்கோ" என்றார் அதிபர். அதற்குப் பிறகு நான் எத்தனை மணிக்குப் போனாலும் பிந்தியவர்களின் பட்டியலில் என் பெயரை ஒருவரும் எழுதவில்லை. வரைபுத்தாள் மட்டும் திரும்பி வரவேயில்லை.

என் பிரசங்கத்தைக் கேட்காமலே அதிபர் தோற்றுவிட்டார் என்று வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அன்று மாலை அம்மா எனக்கு மட்டும் இரண்டு முட்டை பொரித்துத் தந்தாள். அந்த வீட்டில் முட்டை பிறந்தநாளுக்கு வருகிற விருந்தாளி.

"என்னத்துக்கு? பிந்திப் போனதுக்கோ?" என்று கேட்டேன்.

"ஓம். பிந்தினதுக்குத்தான். இனியும் பிந்து, என்ர குஞ்சு."

வென்ற மிதப்பில் இரண்டு முட்டையையும் தின்றேன். அப்பா என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறார் என்றுதான் அன்றைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன். அந்தத் தாளில் நஸீமாவுக்கு ஒரு கோடு போட்டேன், எனக்கு ஒன்று போட்டேன். நான் பக்கத்தில் இல்லாத அப்பாவுக்கு ஒரு கோடு போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. போட்டிருந்தால் அது மணல் மூட்டையடியில் கிடையாகத் திரும்பி, பாண் வாங்கப் போன மாமாவின் கோட்டைப் போல, தாளின் ஓரம் வரைக்கும் அப்படியே போயிருக்கும்.