எரிகல் மழையும் ஒரு பிரேக்கும்

பேருந்தில் வருகிறவர்கள் அந்த ஓட்டுநருக்கு வைத்த பெயர் நிதானம். யாருக்கு என்ன தலைபோகிற அவசரம் இருந்தாலும் வண்டி அதன் பாட்டுக்குத்தான் போகும். வீட்டிலும் மனிதர் அப்படியே. மனைவியோடு ஆற அமர உட்கார்ந்து பேசுவதை அடுத்த லீவுக்கு, அடுத்த லீவுக்கு என்று கல்யாணமான நாளிலிருந்தே தள்ளிக்கொண்டு வந்தார்.

கடைசியில் அந்த அம்மாளுக்கு அலுத்துவிட்டது. "நாளைக்கு முதல் வண்டியில அக்கா வீட்டுக்குப் போறேன். எப்ப வருவேன்னு கேக்காதீங்க" என்றாள். கத்தியிருந்தால்கூட அவர் பயந்திருக்க மாட்டார். துணி மடித்துக்கொண்டே சொன்னாள். போகாதே என்று சொல்ல நினைத்தார். அதையும் தள்ளிப்போட்டார்.

அன்று மாலை டிப்போவில் நடத்துநர் வானத்தை அளந்துகொண்டிருந்தான். "இன்னிக்கு எரிகல் மழைண்ணே! நிலா மறைஞ்சப்புறம், விடியறதுக்கு முன்னாடி பாக்கணும். விளக்கே இல்லாத இடமா இருக்கணும். கண்ணு இருட்டுக்குப் பழகவே அரை மணி நேரம் ஆகும். நடுவுல கொஞ்சம் வெளிச்சம் பட்டாலும் போச்சு, மறுபடி மொதல்லேர்ந்துதான்."

விளக்கில்லாத இடமெல்லாம் நிதானத்துக்கு அத்துப்படி. கல்குவாரி தாண்டியதும் ஒரு மேட்டு வளைவு வரும். அங்கே ஊர் வெளிச்சம் முழுக்கக் குன்றுக்குப் பின்னால் போய்விடும்.

"எழுந்திரு, வானத்தைப் பாத்துட்டு வரலாம்" என்று விடிவதற்கு முன் இருட்டில் மனைவியை எழுப்பினார்.

"உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஆனாலும் வந்தாள். கட்டி வைத்த பை கதவோரமே இருந்தது.

வளைவுக்கு மேலே போர்வையை விரித்து மல்லாந்து படுத்தார்கள். நடத்துநர் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக வந்தன, அப்புறம் கூட்டங்கூட்டமாக. தரை எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. போர்வையோடு மிதப்பது போலிருந்தது.

"எந்தப் பக்கம் பாக்கணும்?"

"குறிப்பா எங்கயும் பாக்கக் கூடாதாம். மொத்த வானத்தையும் சும்மா பாக்கணுமாம்."

"ரோட்டையே பாத்துப் பழகின உங்களுக்கு அது வராதே" என்றாள்.

அப்போது ஒன்று வழுக்கிக்கொண்டு நேராக அவர்களை நோக்கி வந்தது. நிதானத்தின் வலது கால் தன்னால் தரையை ஓங்கி மிதித்தது. அடுத்தது வந்தது, மறுபடி மிதித்தார். போர்வை கசங்கிச் சுருண்டது.

"என்ன பண்றீங்க?"

"எதிர்ல வந்துச்சு..."

"வானத்துக்கு பிரேக் போடுறீங்களா!" அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

"நீ போறேன்னு சொன்னதுலேர்ந்து மிதிச்சுக்கிட்டேதான் இருக்கேன்" என்றார். "நிக்க மாட்டேங்குது. போகாதேம்மா."

மேலே இன்னும் இரண்டு கோடுகள் விழுந்து அணைந்தன.

கீழே முதல் வண்டி மேடேறும் சத்தம் கேட்டது. இன்றைக்கு அவருக்குப் பதில் வேறு யாரோ ஓட்டுகிறான், கியரை இழுத்து அடிக்கிறான். "உன் வண்டி" என்றார் நிதானம், அவள் பக்கம் திரும்பாமல்.

வளைவில் முகப்பு விளக்கு திரும்பியது. அவள் சட்டென்று தன் கண்களை இறுக மூடிக்கொண்டு, உள்ளங்கையால் அவர் கண்களையும் பொத்தினாள்.

"முழிக்காதீங்க" என்றாள். "மறுபடி அரை மணி நேரம் யாரு காத்திருக்கிறது?"