வேலிக்கம்பியைத் தொட்டு ருசித்தவர்

மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட எமர்ஜென்சி காலம். போர்ட்டிக்சன் கடலுக்கு அருகே எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தை, நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளை, சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். ஒரு காலை, ரப்பர் ஷீட் வாட்டும் புகைவீட்டுப் பக்கம் கம்பி அறுந்து கிடந்தது. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கொடுக்க நாங்கள்தான் வெட்டினோம் என்று போலீஸ் லயத்து ஆண்களையெல்லாம் தலையில் கைவைத்து மண்ணில் உட்காரவைத்தது. எதிரே என் மனைவியும் மகள்களும் நின்றார்கள்.

"பால் வெட்டுற கை கம்பி வெட்டாதா லா?" என்றார் எங்களை வேலை வாங்கும் மண்டோர்.

கம்பி பழுதுபார்க்க ஒருவர் வந்தார். வியர்வையில் முதுகோடு ஒட்டிய காக்கிச் சட்டை. அறுந்த முனையை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, போலீஸ் அதிகாரியிடம் சொன்னார்.

"வெட்டுன முனை மினுங்கும் சார். இது துருப்பொடியா உதிருது. கடல்காத்து உப்பும் ரப்பர் ஷீட் வாட்டுற புகையும் காத்துலயே கலந்து, ஆசிட் மாதிரி கம்பியத் தின்னுருக்கு. புகை போகாத அந்தப் பக்கம் பாருங்க, நல்லாத்தான் இருக்கு."

எங்களை விட்டுவிட்டார்கள். "ரொம்ப நன்றிங்க," என்றேன் கம்பிக்காரரிடம். அவர் திரும்பாமலே கம்பியை முறுக்கியபடி சொன்னார்.

"கைலியத் தட்டிக்கிட்டு வீட்டுக்குப் போங்கண்ணே. மண்ணுல உக்காந்திருந்த யாரையும் நான் பாக்கல."

மாரியம்மன் காப்பாற்றினாள். ஆனாலும் என் மகள்கள் அன்று என்னைக் கண்ட கோலத்தை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. அவர் முகம் எனக்கு நினைவில்லை. கோயிலில் கண்மூடும்போது அந்த முதுகையும் சேர்த்துக் கும்பிடுகிறேன்.