பச்சைமுத்து கண் திறக்காத பத்துப் பறவைகள்

செஞ்சியிலிருந்து சிங்கவரம் வரைக்கும் கோபுரப் பொம்மைகளுக்கு வர்ணம் அடித்தவர் பச்சைமுத்து. அப்படிப்பட்ட மனுஷனிடம் போய் 1964இல் பறவைப் படம் வரையச் சொன்னேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நான் தேவசகாயம், பள்ளிக்கூடத்தில் தற்காலிக அறிவியல் வாத்தியார். பள்ளிகளைச் சோதிக்க வரும் இன்ஸ்பெக்டர் பார்த்து நல்லதாக எழுதினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அவருக்குப் பறவைப் பைத்தியம் என்று கேள்விப்பட்டு, அலமாரியில் கிடந்த வெள்ளைக்காரன் காலத்துப் பறவைப் புத்தகத்தைப் பச்சைமுத்துவிடம் கொடுத்து, பத்துப் படங்களைப் பெரிதாக வரையச் சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் வரவேண்டிய வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணிக்குத்தான் பச்சைமுத்து படங்களைக் கொண்டுவந்து மாட்டினார். இறகுக்கு இறகு அச்சு அசல். ஆனால் பத்துக்கும் கண் இல்லை! அந்த இடத்தில் வெறும் வெள்ளை வட்டம்.

"யோவ், கண்ணு எங்கய்யா?"

"ராகு காலம் சார். பன்னெண்டுக்கு மேலதான் கண்ணு தொறப்பேன்."

"இது சாமியாய்யா? செம்போத்துய்யா!"

"கண்ணுன்னா கண்ணுதான் சார். இன்னாத்துக்கு இப்டி கத்துறீங்க?"

கழுத்தை நெரிக்கலாமா என்று பார்த்தேன். அதற்குள் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். புத்தகத்தையும் படங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சபாஷ்! செத்த பறவைக்குக் கண்ணோட நிறம் போயிடும். இந்தப் புத்தகக்காரங்க பாடம் பண்ணின தோலைப் பார்த்து எல்லாத்துக்கும் கறுப்புக் கண்ணா வெச்சுட்டாங்க. உயிரோட பார்க்காம வைக்கக் கூடாதுன்னு விட்டுவெச்சீங்க பாருங்க, அதுதான் சயன்ஸ்! மூணு மாசம் கழிச்சு வர்றேன். அதுக்குள்ள பறவைங்களப் பார்த்து நிறம் போட்டு வையுங்க. அப்பதான் உங்க ஃபைல்ல கையெழுத்து" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இல்லீங்க ஐயா, ராகு..." என்று பச்சைமுத்து ஆரம்பித்தார். அவர் கால் கட்டைவிரலை என் செருப்பால் அழுத்தி மிதித்தேன்.

இன்ஸ்பெக்டர் போனார். பன்னிரண்டு அடித்தது. பச்சைமுத்து தூரிகையோடு வந்து, "தொறந்துடட்டா சார்?" என்றார்.

"தொட்டியானா கைய ஒடிச்சிடுவேன்."

அப்புறமென்ன, விடியற்காலையில் ராஜகிரி மலை அடிவாரத்துப் புதருக்குள் இரண்டு பேரும் குந்திக் கிடந்தோம். செம்போத்துக்கு இரத்தச் சிவப்புக் கண், தவிட்டுக்குருவிக்கு வெளிறிய கண். பார்த்தாயிற்றே, உடனே வரைய வேண்டியதுதானே? மாட்டார். ஒவ்வொரு கண்ணுக்கும் நல்ல நேரம் வேண்டுமாம்! கெடுவுக்கு மூன்று நாள் இருக்கும்போது நாலு பறவைகள் இன்னும் குருடாகவே நின்றன.

மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்த கையோடு, பங்குச் சாமியார் கண்ணில் படாமல் கடைத்தெருவுக்குப் போய் நானே ஒரு பஞ்சாங்கம் வாங்கிவந்தேன். நாலு கண்ணுக்கும் நேரம் குறித்துக் கொடுத்ததும் நான்தான். நிரந்தர உத்தரவில் என்னுடைய அறிவியல் மனப்பான்மையைப் பாராட்டி இன்ஸ்பெக்டர் இரண்டு வரி எழுதியிருந்தார்.