பாம்பன் பாலத்தில் என் பெயர்

பாம்பன் ஸ்டேஷனை விட்டு வண்டி வளைந்து திரும்பியபோது ஜன்னலால் தலையை நீட்டி எஞ்சினைப் பார்த்தேன். டிரைவருக்குப் பக்கத்தில், கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி, என் பெயரில் ஒருவன் நின்றிருந்தான். அவன் என் சிநேகிதன், கொட்டாஞ்சேனைக்காரன். அந்த இடத்தில் நிற்பதற்காக இரண்டு வருடம் காத்திருந்தவன் நான். இது நடந்து நாற்பது வருடத்துக்கு மேலாகிறது. இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பச்சைப் பொய்.

அது வெள்ளைக்காரன் காலம். கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் நான் கிளாக்கர். குடியிருந்தது வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் பாதையை ஒட்டிய ஒரு வாடகை அறையில். ரயில் என்றால் எனக்குப் பைத்தியம். மற்றவர்கள் பெட்டியில் ஏறியதும் இருக்க இடம் தேடுவார்கள். நானோ கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, தண்டவாள மூட்டுகளில் சில்லு தட்டும் சத்தத்தை எண்ணி, வண்டி என்ன வேகத்தில் போகிறது என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுவேன். இதே பைத்தியம் பிடித்த இன்னும் இரண்டு பேர் எனக்கு வாய்த்தார்கள். ஒருவன் கொட்டாஞ்சேனைக்காரன். துறைமுகத்தில் வேலை, வேதக்காரன், ஞாயிறு பூசை முடிந்த கையோடு வெள்ளவத்தைக்கு வந்துவிடுவான். மற்றவர் புதுக்கடைக் கோர்ட்டடியில் ஒரு புரொக்டரிடம் எழுத்துவேலை பார்த்தவர். எங்களைவிட மூத்தவர் என்பதால் அண்ணை என்போம். மூவரும் ஸ்டேஷன் வாங்கில் குந்தியிருந்து போகிற வருகிற எஞ்சின்களின் இலக்கங்களைக் கொப்பியில் குறிப்போம். கலியாணம், குடும்பம் என்று இருக்க வேண்டிய வயதில் இதுகள் இப்படித் திரியுதுகளே என்று ஸ்டேஷன் மாஸ்டரே பகிடி பண்ணுவார்.

அந்த நாட்களில் எனக்கு ஒரு கடிதச் சிநேகிதர் கிடைத்தார். இந்தியாவில், மதுரைப் பக்கத்தில், எஞ்சின்களை மேற்பார்வை செய்யும் இன்ஸ்பெக்டர். எஞ்சின் ஒன்றைப் பற்றிச் சந்தேகம் கேட்டு அங்குள்ள ரயில்வே ஒபிசுக்கு நான் எழுதிய கடிதம் எப்படியோ அவர் மேசைக்குப் போயிருக்கிறது. நல்ல தமிழில் மூன்று பக்கம் பதில் எழுதினார். பிறகு மாதம் ஒன்று தவறாமல் வரும். நான் பத்துக் கேள்வி கேட்டால் பத்துக்கும் பொறுமையாகப் பதில் இருக்கும். "அன்புள்ள தம்பிக்கு" என்றுதான் தொடங்குவார். ஒருவரையொருவர் நேரில் கண்டதில்லை, படமும் அனுப்பிக்கொண்டதில்லை. கடிதம் வந்த அடுத்த ஞாயிறு, ஸ்டேஷன் வாங்கில் வைத்து அதை முதல் எழுத்திலிருந்து கையெழுத்து வரைக்கும் உரத்து வாசிப்பேன். நான் எழுதும் பதிலையும் தபாலில் போடுமுன் அப்படித்தான். அது எங்கள் மூவருக்கும் பூசை மாதிரி ஒரு வழக்கம். என் மடைத்தனமும் அதுதான்.

ஒரு முறை அவர் எழுதினார்: நீங்கள் இந்தப் பக்கம் வந்தால் தனுஷ்கோடியில் நான் எஞ்சினில் இருப்பேன், பாம்பன் பாலத்தை எஞ்சினில் நின்றபடியே உங்களுக்குக் காட்டுவேன், ஆனால் ஓர் ஆளுக்குத்தான் இடம். கடலின் மேல் போகும் அந்தப் பாலத்தைப் பற்றி நான் கனாக் கண்டுகொண்டிருந்தவன். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. லீவு சேர்க்க எனக்குக் கிட்டத்தட்ட இரண்டு வருடம் பிடித்தது. போகும் நாளை அவருக்கு எழுதினேன். சிநேகிதர்கள் இருவரும் தாங்களும் வருவதாகச் சொன்னார்கள். மூவரும் சென்னை வரைக்கும் டிக்கெட் எடுத்தோம்.

கோட்டையில் பின்னேரம் ஏறிய தலைமன்னார் மெயிலில் நாங்கள் அடித்த கொட்டம் கொஞ்சமல்ல. மாகோவரைக்கும் மூட்டுச் சத்தம் எண்ணுவதில் போட்டி. அண்ணையின் மனைவி கட்டித் தந்த இடியப்பமும் சம்பலும் அனுராதபுரத்துக்கு முன்னமே தீர்ந்துவிட்டன. கொட்டாஞ்சேனைக்காரன் என் தோளில் தட்டி, நாளைக்கு நீ எஞ்சின் ராசா என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். விடிய தலைமன்னார்த் துறையில் கப்பல் ஏறினோம்.

தனுஷ்கோடியில் இறங்கியதும் சுங்கச் சோதனை. வரிசை நகரவே இல்லை. ஒரு பெட்டிக்கு முழுசாக அரை மணித்தியாலம் எடுத்தார்கள். அப்போதுதான் கொட்டாஞ்சேனைக்காரன் சொன்னான்: "மச்சான், நீ பெட்டியளைப் பாத்துக்கொண்டு நில். நான் முன்னுக்குப் போய் இன்ஸ்பெக்டரை மறிச்சு வைக்கிறன்." எவ்வளவு நல்லவன் என்று நினைத்துக்கொண்டேன். என் பெட்டியில் ஒன்றும் அகப்படவில்லை. அவனுடைய தகரப் பெட்டியில்தான் ஆறு டின் சிகரெட் இருந்தது. சுங்கக்காரனோடு மல்லுக்கட்டி, சிநேகிதனின் சிகரெட்டுக்கு நானே தீர்வை கட்டிவிட்டு வெளியே வர, வண்டி ஊதிவிட்டது. அண்ணை என் கையைப் பிடித்து இழுத்து, அகப்பட்ட பெட்டியில் ஏற்றினார்.

அதன் பிறகு கண்டதுதான் நான் முதலில் சொன்ன காட்சி. கண்டவுடன் எனக்கு விளங்கவில்லை. அண்ணைக்குத்தான் முதலில் விளங்கியது. கோர்ட்டில் எத்தனையோ ஆள்மாறாட்டம் கண்ட மனிதர். என் முழங்காலில் கையை வைத்தார். வண்டி பாலத்தில் ஏறியது. இரண்டு பக்கமும் கடல் இருந்திருக்க வேண்டும். கோபத்தில் என் கண்ணில் ஒரு துளித் தண்ணீரும் படவில்லை.

மண்டபம் ஸ்டேஷனில் வண்டி நின்றதும் இன்ஸ்பெக்டர் அவனைக் கூட்டிக்கொண்டு எங்கள் பெட்டிக்கே வந்தார். நான் நினைத்ததைவிட வயதான, மெலிந்த மனிதர். முகமெல்லாம் மகிழ்ச்சி. அவனை என் பெயர் சொல்லித்தான் அழைத்தார். "கடிதத்துல அத்தனை கேள்வி கேக்கிற தம்பி, எஞ்சின்ல ஒரு வார்த்தை பேசலைங்க. அப்படியே சொக்கிப் போயிட்டாரு" என்று எங்களிடம் சொன்னார். டிரைவரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார். அவனுடைய கண்கள் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. வெட்கத்தில் அழுகிறான் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சட்டத்தை மீறி ஆளை ஏற்றிய மனிதர், ஏற்றிய ஆளும் பிழையான ஆள் என்று தன் கீழ் வேலை செய்பவருக்கு முன்னால் அறிந்தால் எப்படித் தலை குனிவார் என்று யோசித்தேன். அந்த யோசனை முடியுமுன் அவர் என் கையைக் குலுக்கி, தம்பியின் நண்பர்களைக் கண்டதில் சந்தோஷம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சென்னைக்குப் போன அந்த இராத்திரி முழுக்க நான் ஒரு மூட்டுச் சத்தத்தையும் எண்ணவில்லை. ஏன் இப்படிச் செய்தாய் என்று ஒரே ஒரு தரம் கேட்டேன். "கண்ட உடனே மனுசன் உன்ரை பேரைச் சொல்லிக் கையைப் பிடிச்சிட்டார். இல்லையெண்டு சொல்ல நேரமில்லையடா" என்றான். சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்து நன்றாக நித்திரை கொண்டான். வழக்குப் போட்டால் சாட்சிக்குத் தான் வருவதாக அண்ணை என் காதில் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊர் திரும்பி இரண்டு கிழமையில் இன்ஸ்பெக்டரின் கடிதம் வந்தது. தினமும் அந்தப் பாலத்தில் போய்ப் போய்த் தனக்கு அது மரத்துவிட்டது, புதிதாகப் பார்த்த தம்பியின் கண்ணுக்கு எப்படி இருந்தது என்று எழுத வேண்டும், வீட்டில் எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்று கேட்டிருந்தார். என்ன எழுதுவது? மானத்தை விட்டுக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். நீ பார்த்ததையாவது சொல், எழுதுகிறேன் என்றேன். அவன் நகத்தைக் கடித்துக்கொண்டே சொன்னான்.

"ஒண்டும் பாக்கேல்லை மச்சான். ஏறின கையோட கண்ணுக்குள்ள கரித்தூள் விழுந்திட்டுது. பாலம் முடியுமட்டும் கண்ணை மூடிக்கொண்டுதான் நிண்டனான்."

என்னிடமிருந்து பறித்ததை அவனாவது அனுபவித்திருந்தால் எனக்கு இவ்வளவு நொந்திருக்காது. அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது. சென்னையிலிருந்து திரும்பும்போது பெட்டி ஜன்னலால் கண்டதையும் இரண்டு வருடம் கனாவில் கண்டதையும் சேர்த்து நாலு பக்கம் எழுதினேன். தண்டவாளக் கட்டைகளுக்கு இடையால் கீழே பார்த்தால் ரயில் நிற்பது போலவும் கடல் ஓடுவது போலவும் இருந்தது என்று ஒரு வசனம். பாலத்தின் நடுவில் டிரைவர் பேச்சை நிறுத்திவிடுவார், அங்கே காற்றுக்குத்தான் மரியாதை என்று இன்னொன்று. பழக்கதோஷம் விடுமா? அடுத்த ஞாயிறு அந்த நாலு பக்கத்தையும் வாங்கில் இருந்து வாசித்தேன். கொட்டாஞ்சேனைக்காரன் இரண்டாந்தரமும் வாசிக்கச் சொன்னான். இன்ஸ்பெக்டர் அந்தக் கடிதத்தைக் கொண்டாடி எழுதிய பதிலுக்கு நான் பதில் போடவில்லை. பொய்க்கு மேல் பொய் அடுக்க என்னால் முடியவில்லை. நல்ல மனிதர், இன்னும் மூன்று கடிதம் போட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

இப்போது தனுஷ்கோடிக்கு ரயிலும் இல்லை. புயல் கொண்டுபோய்விட்டது. அண்ணையும் போய்ச் சேர்ந்துவிட்டார். கொட்டாஞ்சேனைக்காரனும் நானும் நல்லது கெட்டதுக்கு மட்டும் கண்டுகொள்வோம். போன வருடம் அவனுடைய கடைசி மகளின் கலியாணத்துக்குப் போயிருந்தேன். வேதக் கோயிலடி மண்டபத்தில், மாப்பிள்ளை வீட்டார் சூழ இருக்க, தான் பாம்பன் பாலத்தை எஞ்சினில் கடந்த கதையை அவன் சொல்லிக்கொண்டிருந்தான். றெயில் நிக்குது, கடல்தான் ஓடுது என்றான். நடுப்பாலத்தில காத்துக்குத்தான் மரியாதை என்றான். என் நாலு பக்கமும் வரிசை பிசகாமல் வந்துகொண்டிருந்தது. எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் என் பக்கம் திரும்பி, நீங்களும் போனீங்களோ என்று கேட்டார். எனக்கு முந்தி அவனே பதில் சொன்னான்.

"ஓம், இவரும் அதே றெயில்லதான் வந்தவர். பின்னுக்குப் பெட்டியில இருந்தவர். பாவம், ஒண்டும் பாத்திருக்கமாட்டார்."

அது பெரிய நட்டம் என்று அந்த மனிதர் என்னைப் பார்த்து அனுதாபப்பட்டார். ஓம், பெரிய நட்டந்தான் என்றேன்.